வெறுங்குழிக்குப் போன அரிசி

அன்பு மகன் பர்ஹான்,

உனக்கும் மருமகள் ரிஸ்னாவுக்கும் இறைவன் சுகத்தையும் மன அமைதியையும் தரட்டும். மெல்பர்ன் பயணத்துக்கான பெட்டிகள் தெஹிவளை வீட்டில் அடுக்கப்பட்டுக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், தகப்பனின் நீண்ட கடிதம் ஒன்று உனக்கு இன்னொரு சுமையாகத்தான் தெரியும். ஆயினும் கடந்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நாம் விவாதித்ததைப் பேச்சோடு விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. பேச்சில் நீ என்னைவிட வேகமானவன். எழுத்தில்தான் எனக்குச் சற்று நிதானம் உண்டு. ஆகவே எனக்கு வசதியான இடத்தையே தெரிவுசெய்துகொண்டேன். இதைப் பலரும் வாசிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. நாம் வாதிடுவது நமது வீட்டுப் பணத்தைப் பற்றி அல்ல. இரத்தினபுரியில் பலர் நம்மை நம்பித் தந்த பணத்தைப் பற்றி. கொடுத்தவர்களுக்கு உன் நியாயமும் தெரிய வேண்டும், என் நியாயமும் தெரிய வேண்டும். வெளியிடலாமா என்று உன்னிடம் கேட்டபோது, "போடுங்க வாப்பா, ஆனா நான் சொன்னதயும் சரியாப் போடுங்க" என்றாய். அந்த நிபந்தனைக்கு நான் கட்டுப்பட்டவன்.

உனக்குத் தெரிந்ததையே மற்றவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். இரத்தினபுரியையும் எஹலியகொடையையும் சுற்றியுள்ள இறப்பர், தேயிலைத் தோட்டங்களின் தமிழ்ப் பாடசாலைகள் பலவற்றில் பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தர வகுப்பு என்றால் கலைப் பிரிவு மட்டுந்தான். சாதாரண தரத்தில் கணிதத்தில் மிகச் சிறந்த பெறுபேறு பெற்ற பிள்ளையும் உயர்தரத்தில் அந்தப் பாடத்தை விட்டுவிட வேண்டியிருக்கிறது; கற்பிக்க ஆசிரியர் இல்லை, வெளியூரில் தங்கிப் படிக்க வசதி இல்லை. இந்த நிலையில், பல்கலைக்கழகம் ஒன்று நமது நகரத்தில் சனிக்கிழமை வகுப்புகளை நடத்த முன்வந்தது. முதலாம் ஆண்டு மாணவர் படிக்கும் கணிதம், புள்ளிவிபரவியல், கணினி போன்ற பாடங்களை, உயர்தரத்தில் படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பிள்ளை தொடரலாம். சித்தியடைந்தால், பின்னர் பட்டப்படிப்பில் சேரும்போது அது கணக்கில் கொள்ளப்படும். கட்டணம்தான் தடை. இறப்பர் மரத்தில் பால்வெட்டும் குடும்பம் எண்ணிப் பார்க்கக்கூடிய தொகை அல்ல அது. அதற்காகவே சலீம் ஹாஜியாரும் வேறு சில மாணிக்க வியாபாரிகளும், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரும் பணம் போட்டு ஒரு நிதியம் தொடங்கினார்கள். நிதியத்தின் உறுதியை, அதாவது அதன் சட்டப் பத்திரத்தை, நொத்தாரிசாகிய நான் வரைந்தேன். ஹாஜியாரும் நீயும் நானும் பொறுப்பாளர்களானோம்.

அந்த உறுதியில் பிணை வாசகம் ஒன்று இருக்கிறது. மாணவர் படிப்பை இடையில் நிறுத்தினாலோ சித்தியடையத் தவறினாலோ, நிதியம் செலுத்திய கட்டணம் முழுவதையும் திருப்பிச் செலுத்த வேண்டும். அதற்கு நிரந்தர வருமானமுள்ள இருவர் பிணை நிற்க வேண்டும். நமது வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, வங்கியில் கடன் பிரிவில் இருப்பவன் என்ற தகுதியில் நீ சொன்னாய்: "இதுல ஒரு ஓட்டையும் இல்ல, வாப்பா." எனக்கு அது பெரிய பாராட்டு. உறுதி எழுதுபவனுக்கு மகனிடமிருந்து அதைவிட என்ன வேண்டும்?

பிறகு நடந்ததும் உனக்குத் தெரியும். அல்லது எதுவும் நடக்கவில்லை என்பது தெரியும். பாடசாலைகளுக்கு விண்ணப்பங்கள் அனுப்பினோம். அதிபர்கள் நன்றி சொன்னார்கள். ஒரு விண்ணப்பம்கூடத் திரும்பி வரவில்லை. அடுத்த ஆண்டும் அனுப்பினோம், அதே கதை. பணம் வங்கியில் வட்டி சேர்த்துக்கொண்டு கிடந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஆர்வமில்லை என்று ஒரு நாள் உன் உம்மாவிடம் சொன்னேன். அவள் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஆர்வமில்லயா, வழியில்லயா எண்டு யாரிட்டயாவது கேட்டீங்களா? இல்லாட்டி அதயும் நீங்களே தீர்ப்புச் சொல்லிட்டீங்களா?" என்றாள். வழக்குப் பதிவு ஆவதற்கு முன்பே எதிர்த்தரப்பு வென்றுவிடும் வீடு நமது வீடு என்பது உனக்குத் தெரியாததல்ல.

இந்த ஆண்டுதான் முதன்முறையாக ஒரு பிள்ளை வந்தாள். எஹலியகொடைக்கு மேலே இருக்கும் இறப்பர்த் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவள், பெயர் பவித்ரா, உயர்தரம் முதலாம் ஆண்டு. தாய் லெட்சுமியோடு வந்தாள். விடியற்காலையிலிருந்தே மழை. மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. வேலையில்லாத அந்த நாளைத்தான் அவர்கள் என் அலுவலகத்துக்கு வரப் பயன்படுத்திக்கொண்டார்கள். இருவரும் ஒரே குடையில் வந்ததால் இருவருக்கும் ஒவ்வொரு தோள் நனைந்திருந்தது. பவித்ரா அதற்கு முன்பே பல்கலைக்கழக நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி, பாடத்திட்டத்தையும் நேரத்தையும் பரீட்சை முறையையும் சிங்களத்தில் விசாரித்து அறிந்திருந்தாள். விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடக்குமே, சிரமமாக இருக்காதா என்று கேட்டேன். "இருக்குங்க ஐயா. ஆனா கணக்குல பாதி எழுத்து எல்லாருக்கும் ஒண்ணுதானுங்களே" என்றாள். அவளுக்கு இடமும் கிடைத்திருந்தது. கட்டணம் செலுத்திப் பதிவுசெய்வது மட்டுமே மிச்சம்.

நான் உறுதியை எடுத்து, பிணை வாசகத்தை எளிய தமிழில் விளக்கினேன். கேட்டு முடித்ததும் லெட்சுமி, நான் காட்டிய நாற்காலியில் அதுவரை உட்காராதவள், மெதுவாக உட்கார்ந்தாள். அவள் சொன்னதை உனக்காக அப்படியே எழுதுகிறேன். "ஐயா, நீங்க பணம் கட்டுறது பெரிய ஒதவிதான். ஆனா ரெண்டு பேரு கையெழுத்துக்கு நாங்க எங்க போவோம்? தோட்டத்துக் கிளாக்கரையா போட்டாருன்னா நாளப்பின்ன அவரு எது சொன்னாலும் தலைய ஆட்டணும். லயத்து வீடுகள்ல கேக்கவே முடியாது. குழுக் கடன் வாங்கினப்ப ஒருத்தருக்கொருத்தர் கையெழுத்துப் போட்டோம். ஒருத்தி கட்டல. மத்தவங்க கட்டினோம். இன்னிக்கு வரைக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு, பேச்சுவார்த்த இல்லீங்க." கிராமங்களிலும் தோட்டங்களிலும் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுத்த அந்தக் கடன்களைப் பற்றி என்னைவிட நீ நன்றாக அறிவாய். பிணை என்ற சொல் எனக்கு ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. அவளுக்கு அது பக்கத்து வீட்டின் சாத்திய கதவு.

பவித்ரா அதுவரை குனிந்து உறுதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்து என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டாள்: "நான் பெயிலாகிட்டா அம்மாவ கோட்டுக்குக் கூப்பிடுவீங்களாங்க ஐயா?" இத்தனை ஆண்டுத் தொழிலில் என்னிடம் எத்தனையோ கேள்விகள் கேட்கப்பட்டிருக்கின்றன. மழுப்புவதற்கு எனக்கும் வழிகள் தெரியும். ஆனால் ஒரு ஆவணத்தை எழுதியவனிடமே அதன் பொருளைக் கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்பது நான் மீறாத விதி. "உறுதியின்படி கூப்பிட முடியும்" என்றேன். "அப்ப வேணாங்க ஐயா" என்றாள். கோபமில்லை, அழுகையில்லை. கடையில் விலை கேட்டுவிட்டு, கட்டாது என்று சேலையை மடித்துத் திருப்பி வைப்பார்களே, அப்படி. தாய் பதறி, ஐயாவிடம் இப்படியா பேசுவது என்று கடிந்தாள். "இல்லம்மா, ஐயா உள்ளதத்தான் சொன்னாரு. நாமளும் உள்ளதத்தான் சொல்லணும்" என்றாள் மகள். நான் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, குடையை விரித்து இருவரும் போய்விட்டார்கள். பதிவு இந்த மாத இறுதியில் முடிகிறது. பேருந்து நிலையத்தை நோக்கி அவர்கள் நடப்பதை யன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று புரிந்தது. இரண்டு ஆண்டுகளாக விண்ணப்பம் அனுப்பாத பிள்ளைகள் எல்லோரும் இதே பதிலைத்தான் எனக்கு அனுப்பியிருந்தார்கள்.

உன் உம்மா இதைக் கேட்டவுடன், கட்டணத்தை என் கையிலிருந்து கட்டிவிடச் சொன்னாள். முடியும், நமக்கு அது பெரிய காரியமல்ல. இரண்டு காரணங்களுக்காக நான் அதைச் செய்யவில்லை. முதலாவது, லெட்சுமி அதை ஏற்க மாட்டாள். உதவிக்கும் தருமத்துக்கும் இடையே அவள் வைத்திருக்கும் கோடு, நான் எழுதிய எந்த வாசகத்தையும்விடத் தெளிவானது. இரண்டாவது, நான் பவித்ராவுக்குக் கட்டிவிட்டால் என் மனம் ஆறிவிடும்; வாசகம் அப்படியே இருக்கும். அடுத்த மழை நாளில் வேறொரு தாய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இதையே கேட்பாள். என் சட்டைப் பையைத் திறந்து, நிதியத்தைப் பூட்டியே வைப்பது நியாயமாகாது.

அந்த வாரமே சலீம் ஹாஜியார் ஒரு மாணிக்கக் குழிக்கான உடன்படிக்கையோடு வந்தார். இந்த ஊரில் பிறந்த உனக்குக் குழியின் வழக்கத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வெளியூரில் வாசிப்பவர்கள் அறிய வேண்டும். நிலம் ஒருவருடையது, அனுமதிப்பத்திரம் ஒருவருடையது, நீர் இறைக்கும் இயந்திரம் ஒருவருடையது, உடலுழைப்பு குழியில் இறங்குபவர்களுடையது. தோண்டும் காலம் முழுவதும் அரிசியும் எண்ணெயும் வெற்றிலையும் கைச்செலவும் அனுப்புபவர் வேறொருவர். கல் கிடைத்தால் எல்லோருக்கும் பங்கு. கிடைக்காவிட்டால், அனுப்பிய அரிசி போனது போனதுதான். இப்படிப்பட்ட உடன்படிக்கைகளை நான் எத்தனையோ எழுதியிருக்கிறேன். அன்றும் எழுதிக்கொண்டே வந்தேன். பங்குகளை வகுத்து முடித்ததும் பேனா தானாக நின்றது. ஒவ்வொரு தரப்பின் கடமையும் அதில் இருந்தது, தோண்டியவர்கள் அரிசிக் காசைத் திருப்பித் தர வேண்டும் என்ற வாசகம் மட்டும் இல்லை. அதை யாரும் என்னிடம் கேட்டதுமில்லை, நான் சேர்க்கச் சொல்லி ஆலோசனை கூறியதுமில்லை.

ஹாஜியாரிடம் கேட்டேன், இது வெறுங்குழியாகப் போனால் செலவை யாரிடம் கேட்பீர்கள் என்று. "குழியிட்டயா கேக்க?" என்று அவர் சிரித்தார். நான் நிதியத்தின் உறுதியை அவர் முன்னால் வைத்து, பிணை வாசகத்தை வாசிக்கச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, உதட்டை அசைத்து அசைத்து வாசித்தார். "இதுக்கா நான் சைன் வெச்ச?" என்றார். ஆம் என்றேன். வாசிக்காமலா வைத்தீர்கள் என்றும் கேட்டேன். "நீங்க எழுதினா வாசிக்கோணுமா?" என்று திருப்பிக் கேட்டார். மனிதர் என்மேல் வைத்த நம்பிக்கைக்கு ஒரு பிணையாளரும் இருக்கவில்லை என்பதைக் கவனி. பிறகு காகிதத்தை மேசையில் போட்டுவிட்டு, "ஒங்கட பத்திரத்துக்குள்ள கோழிக்குஞ்சும் நுழையாது லோயர், புள்ளைகள் எங்க வாற?" என்றார். போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார்: "மாத்துங்க. நான் முதல் சைன் வெக்கிறேன். இந்த முறை வாசிச்சிட்டு வெக்கிறேன்."

ஒப்புமைகளை நான் எளிதில் நம்புபவன் அல்லன் என்பது உனக்குத் தெரியும். குழியும் வகுப்பறையும் ஒன்றல்ல. செலவு போடுபவர் கல் கிடைத்தால் பெரும் பங்கை எடுக்கிறார். நமது நிதியம் எதையும் எடுக்கப்போவதில்லை. அவர் யாரைக் குழியில் இறக்குவது என்று தாமே முடிவுசெய்கிறார். நாம் பாடசாலையின் பரிந்துரையை நம்பியிருக்கிறோம். இவற்றையெல்லாம் எண்ணித்தான் புதிய வாசகத்தை வரைந்திருக்கிறேன். கட்டணத்தை மொத்தமாகச் செலுத்துவதில்லை. ஒவ்வொரு தவணையாகச் செலுத்துவது. பிள்ளை வகுப்புக்குத் தொடர்ந்து செல்கிறாள் என்று நிலையம் உறுதிப்படுத்தினால் அடுத்த தவணை. குழிக்கு வராதவனுக்கு அடுத்த வாரம் அரிசி போகாது. ஆனால் உண்ட அரிசியை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அந்த விதியை அப்படியே எடுத்துக்கொண்டேன். பிணையாளர் இல்லை, மீள அறவிடல் இல்லை. முன்னைய உறுதியில் நான் மறந்திருந்த ஒன்றையும் சேர்த்திருக்கிறேன்: சனிக்கிழமை பேருந்துச் செலவும் மதியச் சாப்பாடும். தோண்டக் கூப்பிட்டுவிட்டுச் சோறு போடாத செலவுக்காரரை இந்த ஊர் மதித்ததில்லை. பணம் தந்த ஒவ்வொருவருக்கும் இந்த மாற்றத்தை எழுத்தில் அறிவித்து, உடன்படாதவர் தம் பங்கைத் திரும்பப் பெறலாம் என்றும் கூறினேன். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை மட்டும், முதலிலேயே ஏன் இப்படி எழுதவில்லை என்று கேட்டிருந்தார்.

இனி உன் நியாயங்களுக்கு வருகிறேன். வாக்களித்தபடி அவற்றைச் சரியாகவே எழுதுகிறேன். நீ சொன்னாய், திருப்பிக் கேட்காத காசுக்கு எந்தப் பிள்ளையும் மதிப்புக் கொடுக்காது என்று. நீ சொன்னாய், ஒரு பிள்ளை இடையில் நிறுத்தினால் இன்னொரு பிள்ளையின் இடம் வீணாகிறது, அந்த இழப்புக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும் என்று. நீ சொன்னாய், பொறுப்பாளர் என்பவர் தம் பணத்தைவிடப் பிறர் பணத்தில் அதிகக் கவனமாக இருக்க வேண்டும், அதை எனக்குக் கற்பித்ததே நீங்கள்தான் என்று. கடைசியில், கொஞ்சம் குரல் தாழ்த்திச் சொன்னாய்: "பத்திரத்த பயந்து பயந்து எழுத எனக்குப் பழக்கினது நீங்க. இப்ப நீங்களே பயமில்லாம எழுதச் சொல்றீங்க. மாத்தித்தான் ஆகணும் எண்டா நான் விலகிக்கிறேன், வாப்பா." மூன்றாவது நியாயம் மிக வலிமையானது. அதற்கு என் பதில் இதுதான். பிறர் பணத்தில் கவனம் என்பது அது குறையாமல் பார்ப்பது மட்டுமல்ல. எதற்காகத் தந்தார்களோ அதற்குப் போய்ச் சேரும்படி பார்ப்பதும் அதில் அடங்கும். பிள்ளைகள் படிக்கட்டும் என்று தந்த பணம் இரண்டு ஆண்டுகள் ஒரு பிள்ளையையும் சென்றடையாமல் வட்டியோடு பத்திரமாக இருக்கிறது. இதை நான் நீதிமன்றத்தில் கவனம் என்று வாதிட மாட்டேன். எதிர்த்தரப்பில் நின்றால், இதையே பொறுப்பை நிறைவேற்றத் தவறியதாக வாதிடுவேன்; வெல்வேன் என்றும் நினைக்கிறேன்.

முதல் இரண்டு நியாயங்களுக்கும் பதிலாக ஒரு சாட்சியத்தை முன்வைக்கிறேன். குற்றச்சாட்டாக அல்ல, சாட்சியமாகவே எடுத்துக்கொள். நீ உயர்தரம் படித்தபோது கொழும்பில் ஒரு நிறுவனத்தில் பல்கலைக்கழக மட்டக் கணினிப் பாடம் ஒன்றைத் தொடர விரும்பினாய். நான் பணம் கட்டினேன். சனிக்கிழமை தோறும் முதல் பேருந்தில் ஏறினாய். உன் உம்மா ரொட்டியும் சம்பலும் கட்டித் தந்தாள். ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை நீ எழும்பவில்லை. உன் உம்மா தலைவலி என்றாள். அடுத்த சனிக்கிழமையும் தலைவலி. மூன்றாவது சனிக்கிழமை நீயே வந்து என் முன்னால் நின்று, விளங்கவில்லை, இனிப் போகப்போவதில்லை என்றாய். ஆண்டு முழுவதற்குமான கட்டணத்தை நான் ஏற்கெனவே செலுத்தியிருந்தேன். உன் முகம் வெளிறியிருந்தது. என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கிறதா? "சரி மகன். வா, சாப்பிடு" என்றேன். அவ்வளவுதான். உன் மாமாக்கள் இருவரைப் பிணை நிற்கச் சொல்லவில்லை. தவணை முறையில் அறவிடவில்லை. நமது வீட்டில் அதைப் பற்றிய பேச்சும் அத்தோடு முடிந்தது.

அந்தப் பணம் வீணாகிவிட்டதாக நான் அப்போதும் நினைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, உன் திருமண விருந்தில், உன் வங்கி முகாமையாளர் என்னிடம் உன்னைப் புகழ்ந்தார். புதிய கணினி முறைமை வந்தபோது கிளையில் அதை முதலில் விளங்கிக்கொண்டவன் நீதான் என்றார். நீ பக்கத்தில் நின்று, "அதெல்லாம் நான் பாதியில விட்ட கோர்ஸ், சேர்" என்று சிரித்தாய். முழுமையடையாத அந்தப் பாதிப் படிப்புத்தான் உன்னை இன்றைய பதவிக்கு நகர்த்தியது. அந்தப் பதவிதான் இன்று உன்னை மெல்பர்னுக்கு அனுப்புகிறது. திருப்பிக் கேட்காத காசுக்கு மதிப்பில்லை என்று நீ சொன்னபோது, திருப்பிக் கேட்காத காசில் படித்த ஒருவனின் வாயிலிருந்து அதைக் கேட்கிறேனே என்று நினைத்தேன். தொலைபேசியில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது குத்தலாகியிருக்கும். எழுத்தில் அது குத்தாது என்று நம்புகிறேன், குத்தினால் பொறுத்துக்கொள்.

தூரம் போகும் பிள்ளைக்குத் தகப்பன் ஏதாவது அறிவுரை சொல்ல வேண்டும் என்பது வழக்கம். நான் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். மெல்பர்னில் உனக்கு வீடு கிடைத்தது எப்படி என்று யோசித்துப் பார். அங்கே உன்னை எவருக்கும் தெரியாது. ரிஸ்னாவின் மச்சான் வாடகைப் பத்திரத்தில் உனக்காகப் பிணைக் கையெழுத்துப் போட்டார். நீ கேட்கும் முன்பே போட்டார். நமக்குக் கையெழுத்துப் போட எப்போதும் எவராவது இருந்திருக்கிறார்கள். மாமா, மச்சான், பள்ளிவாசல் நிர்வாகத்தில் யாராவது, கடைத்தெருவில் யாராவது. அதனால்தான் இரண்டு பிணையாளர் என்று எழுதும்போது என் பேனா தயங்கவில்லை. எல்லோரிடமும் இருக்கும் சாதாரணமான ஒன்றைக் கேட்கிறேன் என்றே நினைத்தேன். கையெழுத்துப் போட ஆள் இருப்பதும் ஒரு சொத்து, மகன். நிலத்தைப் போல, நகையைப் போல அதுவும் சிலரிடம் இருக்கிறது, சிலரிடம் இல்லை. அந்தச் சொத்து இல்லாதவர்களுக்காகத் தொடங்கிய நிதியத்தின் வாசலில், அந்தச் சொத்தைக் கொண்டுவந்தால்தான் உள்ளே வரலாம் என்று எழுதிவைத்தோம். நீ போகும் நாட்டிலும் வங்கி மேசைக்கு அந்தப் பக்கம்தான் உட்காரப்போகிறாய். இந்தப் பக்கம் வந்து நிற்பவரிடம் இல்லாததைக் கேட்கிறாயா என்று ஒரு தடவை நின்று பார். சட்டம் அதைத் தடுப்பதில்லை.

உனக்கு என் வாதம் இன்னும் முழுமையாக ஒப்பவில்லை என்றால், அதையும் மதிக்கிறேன். ஆனால் நிலைமையைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டியது என் கடமை. உறுதியைத் திருத்துவதற்குப் பொறுப்பாளர் மூவரும் ஒப்பமிட வேண்டும். அந்த விதியையும் நானே எழுதினேன். அதைச் சுற்றிப்போக எனக்கு வழி தெரியாது, தெரிந்தாலும் போக மாட்டேன். ஹாஜியார் ஒப்பமிட்டுவிட்டார், இந்த முறை உண்மையிலேயே வாசித்தார், இரண்டு இடங்களில் கேள்வியும் கேட்டார். நானும் ஒப்பமிட்டுவிட்டேன். நீ விலகினால் உன் இடத்துக்கு இன்னொருவரை நியமிக்கும் வரை திருத்தம் நிற்கும். அது இந்த மாத இறுதிக்குள் முடியக்கூடிய காரியமல்ல. பவித்ராவின் பதிவு போய்விடும். அடுத்த ஆண்டு அவள் உயர்தரப் பரீட்சைக்குத் தயாராக வேண்டும். இந்த வாய்ப்பு அவளுக்கு மறுபடி வரும் என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. ஒப்பமிட்ட பிறகு, நாட்டை விட்டுப் போகும் பொறுப்பாளர் என்ற முறையில் நீ முறைப்படி விலகலாம்; அதற்கான கடிதத்தை நானே வரைந்து தருகிறேன். அதற்கு முன்னர் தர மாட்டேன். உன் கருத்து வேறுபாட்டைத் திருத்தத்தின் கீழ் எழுத்தில் பதிவுசெய்ய விரும்பினால் அதற்கும் இடம் விட்டிருக்கிறேன். பின்னால் வருபவர்கள் படித்துப் பார்த்து, நம் இருவரில் யார் சரி என்று தீர்மானிக்கட்டும்.

லெட்சுமிக்கு நேற்று பாடசாலை மூலமாகச் செய்தி அனுப்பினேன். வாக்குறுதி எதுவும் தரவில்லை. உறுதி திருத்தப்படுகிறது, மூன்றில் இரண்டு ஒப்பம் முடிந்தது, மூன்றாவது என் மகனுடையது என்று மட்டும் சொன்னேன். பதில் இன்று காலை வந்தது. அதிபர் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். எழுதியது பவித்ரா: "ஐயா, ஒங்க மகனுக்கு விருப்பமில்லன்னா அவர வற்புறுத்தாதீங்க. ஆனா ஏன் விருப்பமில்லன்னு எனக்கு எழுதச் சொல்லுங்க. நானும் யோசிச்சுப் பார்க்கிறேன்." நீ அவளுக்கு எழுத வேண்டியதில்லை. எழுத வேண்டியிருந்தால் என்ன எழுதுவாய் என்று மட்டும், இங்கே வரும் வழியில், அவிசாவளை தாண்டி அவள் தோட்டத்து மரங்களின் ஓரமாகப் பேருந்து போகும்போது எண்ணிப் பார்.

சனிக்கிழமை காலை என் அலுவலகத்துக்கு வா. நானும் ஒரு தரப்பு என்பதால் இந்தத் திருத்தத்தை நான் அத்தாட்சிப்படுத்தக் கூடாது; இதே தெருவில் இருக்கும் வேறொரு நொத்தாரிசு வருவார். கண்டிப்பான மனிதர். அவருக்கு உன்னைத் தெரியாது. என் மகன் என்று நான் சொல்வதை அவர் போதுமானதாக ஏற்கவும் மாட்டார். உன் தேசிய அடையாள அட்டையை மறக்காமல் கொண்டு வா.

உன் வாப்பா